பாலியின் ஆமெட் கரை: உப்பு, மூழ்கிய கப்பல், நான்கு இரவு. எப்படிப் பிரிப்பது?

கயல்_கோவை:

வணக்கம். ஜூலை கடைசி வாரத்தில் பாலி போகிறோம். நான், கணவர், 12 வயது மகள், 64 வயது அம்மா. தெற்கே குட்டா, செமின்யாக் கூட்டத்துக்குள் போக விருப்பமில்லை. கிழக்குக் கரையில் ஆமெட் என்ற மீனவ கிராமத்தில் நான்கு இரவு தங்கலாம் என்று எண்ணம். தேடத் தேடக் குழப்பம்தான் கூடுகிறது.

தங்குமிடம் பார்த்தால் ஆமெட் என்று போட்டுவிட்டு ஜெமெலுக், லீப்பா, செலாங் என்று ஏழெட்டுப் பெயர் காட்டுகிறது. எங்கே எடுப்பது? பக்கத்தில் துலாம்பெனில் இரண்டாம் உலகப்போர் காலத்து 'லிபர்ட்டி ரக'க் கப்பல் ஒன்று கரையோரமே மூழ்கிக் கிடக்கிறதாம். கணவர் ஓபன் வாட்டர் என்ற தொடக்கநிலை டைவிங் சான்றிதழ் வைத்திருக்கிறார். எனக்கும் மகளுக்கும் நீச்சல் மட்டும் தெரியும். எங்களால் அதைப் பார்க்க முடியுமா? ஜுகுங் என்கிற கட்டுமரத்தில் அம்மாவை ஏற்றலாமா?

எனக்கு முக்கியம் உப்பு. தென்னை மரத்தைப் பிளந்து அதில் உப்பு விளைவிப்பதாக ஒரு படம் பார்த்தேன். முதலில் மண்ணில் கடல்நீரைத் தெளித்து, பிறகு அந்த மண்ணையே வடிகட்டுகிறார்களாம். கடல்நீரை நேரடியாகக் காயவைத்தால் போதாதா, ஏன் இந்தச் சுற்று?

அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. கணவருக்கு அகுங் மலை ஏறும் ஆசை வேறு. நான்காம் நாள் காலை டைவ், அன்றிரவே மலை, மறுநாள் மாலை விமானம் என்று திட்டம் போட்டு வைத்திருக்கிறார். நடக்கிற காரியமா?


கரைச்சாலை:

ஆமெட் ஒரே ஊர் இல்லை. அதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கரங்கசெம் மாவட்டத்தில் செராயா மலையின் காலடியைச் சுற்றி வளைந்து போகிற, கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் கரைச்சாலை அது. ஒவ்வொரு குடாவுக்கும் ஒரு ஊர். மேற்கிலிருந்து ஆமெட், ஜெமெலுக், புனுத்தான், லீப்பா, செலாங், பன்யுனிங், ஆஸ் என்று போகும். வெளியாட்கள் மொத்தத்தையும் ஆமெட் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

உங்கள் குடும்பத்துக்கு ஜெமெலுக்தான். நிலம் ஓரளவு சமதளம், சாப்பாட்டுக் கடைகளுக்கு நடந்தே போகலாம், கரையிலிருந்து சில மீட்டர் நீந்தினால் பவளப்பாறை. அது கிடைக்காவிட்டால் லீப்பா. புனுத்தானில் அறைகள் அழகாக இருக்கும், ஆனால் பல விடுதிகள் மலைச்சரிவில். 'கடல் காட்சி' என்று விளம்பரத்தில் இருந்தால் எத்தனை படி ஏறவேண்டும் என்று முதலில் கேளுங்கள். அம்மாவின் முழங்கால்தான் அந்தக் காட்சிக்கு விலை. பன்யுனிங், ஆஸ் பக்கம் அமைதி அதிகம், கடைகள் குறைவு. வண்டி இல்லாமல் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

விமான நிலையத்திலிருந்து 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டரை முதல் மூன்று மணி நேரம். கரைவழியாக கூசம்பா, பாடாங்பாய், சண்டிதாசா, அம்லபுரா, தீர்த்த கங்கா, சுலிக் என்று போகும். சுலிக் முச்சந்தியில் வலப்பக்கம் திரும்பினால் ஆமெட், நேரே போனால் துலாம்பென். ஜூலையில் மாலை ஆறேகால் போலவே இருட்டிவிடும். கடைசிப் பகுதி வளைவும் இருட்டுமாக இருக்கும், பகலிலேயே போய்ச் சேருங்கள். ரொக்கத்தை அம்லபுராவிலேயே எடுத்துக்கொள்வது நல்லது.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு வந்திறங்கியதும் விசா கிடைக்கும்: 30 நாள், 5,00,000 ரூப்பியா. இணையத்தில் முன்கூட்டியே எடுத்தால் வரிசை மிச்சம். அதோடு 2024 பிப்ரவரி 14 முதல் பாலி மாகாணம் தனியாக வாங்கும் சுற்றுலா வரி 1,50,000 ரூப்பியா, தலைக்கு. குழந்தைக்கும் உண்டு.

ஜூலை நல்ல தேர்வு. அந்த மாதங்களில் காற்று தென்கிழக்கிலிருந்து அடிக்கும். ஆமெட் குடாக்கள் வடகிழக்கைப் பார்த்தவை, முதுகுக்குப் பின்னால் மலை. தெற்குக் கரையில் அலை ஆளை உருட்டும் நாளிலும் இங்கே காலைக் கடல் தட்டையாகக் கிடக்கும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை காற்று வடமேற்குக்கு மாறிவிடும், அப்போது நிலைமை தலைகீழ். ஜூலையிலும் பத்துப் பதினொரு மணிக்கு மேல் நீர் கலங்கத் தொடங்கலாம், நீச்சலை அதற்குள் முடித்துவிடுங்கள். தண்ணீர் மற்ற மாதங்களைவிடக் குளிரும், மகளுக்குக் குளிர் தாங்கும் 3 மில்லிமீட்டர் தடிமன் ரப்பர் அரை உடை ஒன்று வாடகைக்கு எடுங்கள். ஜெமெலுக் குடாவுக்கு உள்ளேயே நீந்துங்கள். முனையைத் தாண்டினால் நீரோட்டம் இழுக்கும். பாலிக்கும் லோம்போக் தீவுக்கும் நடுவே உள்ள லோம்போக் நீரிணை பசிபிக் நீர் இந்தியப் பெருங்கடலுக்கு இறங்குகிற வாசல்களில் ஒன்று, அதன் இழுப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். கரையில் கருமணல். நடுப்பகலில் வெறுங்காலோடு பத்து எட்டு வைக்க முடியாது.

லெம்புயாங் கோயில் வாசல் படம் பார்த்திருப்பீர்கள், குளத்தில் பிரதிபலிப்பது மாதிரி. குளமே கிடையாது. அலைபேசிக் கேமராவுக்குக் கீழே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து எடுப்பது. அதற்காக மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டுமா என்று யோசியுங்கள்.


உவர்நீர்:

உப்பு பற்றி மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

நேரடியாகக் காயவைத்தால் போதாதா என்ற கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். 100 லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய மூன்றரை கிலோ உப்புகள் கரைந்திருக்கின்றன, அதில் சாப்பாட்டு உப்பு 2.7 கிலோ போல. அது படியத் தொடங்க வேண்டுமானால் 100 லிட்டர் சுண்டிப் பத்து லிட்டராக வேண்டும். நல்ல வெயிலிலும் ஒரு நாளைக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் உயரத்துக்குத்தான் நீர் ஆவியாகும். ஆக 5 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கடல்நீரை ஊற்றி வைத்தால் முதல் உப்பு மணியைப் பார்க்கவே எட்டு ஒன்பது நாள் ஆகும். தூத்துக்குடியில் இந்தச் சுண்டவைக்கும் வேலையை ஏக்கர்கணக்கான தெப்பங்களும் பாத்திகளும் செய்கின்றன. ஆமெட்டில் மலைக்கும் கடலுக்கும் நடுவே இருப்பதே ஒரு கீற்று நிலம். அதனால் அந்த வேலையை மண்ணின் தலையில் கட்டிவிட்டார்கள்.

கரையை ஒட்டி மண்ணைச் சமப்படுத்தி, கட்டியை உடைத்து, பொடியாகப் பரப்பிய பாத்தி இருக்கும். இறுக்கமான களிமண்ணாக இருந்தால் நீர் மேலேயே நிற்கும், வெறும் மணலாக இருந்தால் கீழே ஓடிவிடும். கொஞ்சம் களி கலந்த மண்தான் சரி. காலையில் கடல்நீரைச் சுமந்து வந்து வீசித் தெளிப்பார்கள். ஊற்றுவது அல்ல, மழைத்தூறல் மாதிரி விசிறுவது. ஒவ்வொரு மண்துகளும் ஈரப்பட வேண்டும், குட்டை கட்டக்கூடாது. வெயில் ஏற ஏற நீர் போய், உப்பு மண்ணின் மேல்தோலில் ஒட்டிக்கொள்ளும். துகள்களின் மொத்தப் பரப்பு பாத்தியின் பரப்பைப்போலப் பல மடங்கு, ஆவியாகும் வேகம் அங்கேதான் கூடுகிறது. மறுநாளும் அதே. இரண்டு மூன்று நாள் தெளித்துக் காய்ந்ததும் மேல்மண் வெளிறி, காலடியில் நொறுங்கும். அப்போது மேல்தோலை மட்டும் சுரண்டிக் குவிப்பார்கள்.

அந்த மண் போகும் இடம் தின்ஜுங். கூம்பைக் கவிழ்த்து நிறுத்தின மாதிரி மூங்கிலில் கட்டிய பெரிய வடிகட்டி, வாய் அகலம், அடி குறுகல். உள்ளே மண்ணை நிரப்பி, மிதித்து, மேலே மறுபடியும் கடல்நீரையே ஊற்றுவார்கள். நன்னீர் ஊற்றினால் அதையும் சேர்த்து வெயிலில் காய்ச்ச வேண்டிவரும்; கடல்நீர் என்றால் கூடக் கொஞ்சம் உப்பும் சேர்ந்து வரும். நீர் மண்ணுக்குள் இறங்கி, ஒட்டியிருந்த உப்பைக் கரைத்துக்கொண்டு, அடியில் சொட்டும். சாதாரணக் கடல்நீரில் லிட்டருக்கு 27 கிராம் சாப்பாட்டு உப்பு என்றால், நிறைந்த உவர்நீரில் 250 கிராமுக்கு மேல். தின்ஜுங்கில் முதலில் விழும் சொட்டுதான் கனமானது. போகப்போக நீர்த்துவிடும், அதைத் தனியாகப் பிடித்து அடுத்த சுற்றில் மேலே ஊற்றிவிடலாம். கழுவி முடித்த மண் குப்பையல்ல, திரும்பப் பாத்திக்கே போகும்.

தின்ஜுங்கை மிதிப்பதுதான் கைப்பழக்கம். அதிகம் மிதித்தால் சொட்டே விழாது. குறைவாக மிதித்தால் நீர் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து அதன் வழியே வேகமாக இறங்கிவிடும். உப்பும் கரையாது, சேறும் கலந்து வரும். கலங்கிய உவர்நீரைத் தெளிய வைக்காமல் காயவைத்தால் உப்பு பழுப்பாகத்தான் வரும்.

கடைசிக் கட்டம்தான் நீங்கள் படத்தில் பார்த்த பலுங்கான். தென்னந்தடியை நெடுக்கே இரண்டாகப் பிளந்து உட்பக்கம் குடைந்த தொட்டி. தென்னை ஏன்? வெளிவட்டம் இரும்பு, நடு மென்மை. குடைவது சுலபம், குடைந்தபின் உறுதி. கால்நட்டு மேலே தூக்கி வைத்திருப்பதால் மணலும் நாயும் அண்டாது. சில சென்டிமீட்டர் உயரத்துக்கு உவர்நீரை ஊற்றி விடுவார்கள். மூன்று நான்கு நாள் வெயிலில் வெண்மை படியும். வெயில் தாழும் நேரத்தில் வாரி, கூடையில் வைத்து நீரை வடியவிடுவார்கள்.

எப்போது வாருவது என்பதில்தான் சுவை இருக்கிறது. நீரின் அடர்த்தியைக் காட்டும் பாமே அளவுகோலில் கடல்நீர் மூன்றரை டிகிரி. 13 டிகிரியைத் தாண்டும்போது ஜிப்சம் படியத் தொடங்கும், அது நறநறக்கும். 25க்கு மேல் உப்பு. 29, 30ஐத் தாண்டினால் மக்னீசிய உப்புகளும் சேரும், அது கசக்கும். முழுவதும் வற்றும்வரை காத்திருந்தால் எடை கூடும், நாக்கில் கசப்பும் கூடும். நல்ல விளைச்சல்காரர் அடியில் கொஞ்சம் நீர் நிற்கும்போதே வாரிவிட்டு மிச்சக் கசப்பு நீரைக் கொட்டிவிடுவார். வாங்கும்போது ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பாருங்கள். முதலில் உப்பு, இறங்கும்போது தொண்டையில் கசப்பு என்றால் தாமதமாக வாரியது. பொட்டலத்துக்குள் ஈரம் கோத்திருந்தாலும் அதே காரணம், மக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும்.

எல்லாவற்றுக்கும் எதிரி மழை. ஒரு நல்ல மழை போதும், மூன்று நாள் தெளித்ததை மண்ணுக்குள் கழுவிவிடும். பிறகு பாத்தியை மறுபடி உடைத்துப் பரப்பி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அகுங், செராயா மலைகளின் மறைவில் இந்தக் கரையில் மழை குறைவு என்பதால்தான் இங்கே இந்தத் தொழிலே நிற்கிறது. ஜூன் முதல் அக்டோபர் வரை உங்களுக்குப் பார்க்கக் கிடைக்கும். நவம்பருக்கு மேல் போனால் காலித் தொட்டிகளைத்தான் படம் எடுக்கலாம். பாத்திகள் ஆமெட் என்ற அந்த முதல் ஊரின் கரையில்தான் இருக்கின்றன, ஜெமெலுக்கிலிருந்து பக்கம். ஒரே நாளில் எல்லாக் கட்டமும் பார்க்க முடியாது: காலையில் தெளிப்பு, மாலையில் வாருதல். இரண்டு தடவை போங்கள்.

இப்போது பலுங்கானுக்குப் பதில் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பிலும் காயவைக்கிறார்கள். மலிவு, பரப்பு அதிகம், மழை வந்தால் சுருட்டலாம். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, உவர்நீர் ஒழுங்காக இருந்தால் உப்பும் ஒழுங்காக இருக்கும். ஆனால் பலுங்கான் உப்பு என்ற பெயரில் விலை வைத்தால் எதில் காய்ந்தது என்று கேட்டு வாங்குங்கள். அதேபோல, கடைகளில் அழகழகாகக் கிடைக்கும் பிரமிட் உப்பு எல்லாம் ஆமெட் உப்பு அல்ல. அசையாத உவர்நீரின் மேற்பரப்பில் மிதந்தபடி, கீழ்நோக்கி வளரும் மணி அது. காற்று ஆட்டாத மூடிய கூடாரத்தில் விளைவிப்பது. ஆமெட் உப்புக்கு 2015இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குறியீடு ஒரு பக்கம் இருக்க, கடலைப் பார்த்த நிலத்துக்கு விடுதிக்காரர் தரும் விலையோடு உப்பு போட்டி போட முடியாது. பாத்திகள் சுருங்கிக்கொண்டே வருகின்றன.

வரும் வழியில் கூசம்பாவிலும் ஒரு முறை இறங்குங்கள். அங்கே மண்ணுக்குப் பதில் கடற்கரையின் கருமணலையே பாத்தியாக்குகிறார்கள். முறை அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், வித்தியாசம் கண்ணில் படும்.


ஆழம்_முப்பது:

முதலில் ஒரு திருத்தம். அது லிபர்ட்டி ரகக் கப்பல் அல்ல, பெயர்தான் லிபர்ட்டி. லிபர்ட்டி ரகம் இரண்டாம் உலகப்போரில் மொத்தமாகக் கட்டித் தள்ளியவை. இது 1918இல் நியூ ஜெர்சியில் கட்டிய சரக்குக் கப்பல், நீளம் சுமார் 125 மீட்டர். 1942 ஜனவரி 11 அன்று, ஆஸ்திரேலியாவிலிருந்து பிலிப்பைன்ஸுக்கு ரயில் பாகங்களும் ரப்பரும் ஏற்றிப் போகையில், லோம்போக் அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-166 விட்ட டார்பிடோ தாக்கியது. ஓர் அமெரிக்க, ஒரு டச்சு நாசகாரிப் போர்க்கப்பல் இரண்டும் சேர்ந்து சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துப் பார்த்தன. தண்ணீர் உள்ளே ஏறியதால் வழியில் துலாம்பென் கரையில் ஏற்றிவிட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் கரையிலேயே கிடந்தது. 1963இல் அகுங் வெடித்தபோது ஏற்பட்ட அதிர்வுதான் அதைச் சரித்துக் கடலுக்குள் தள்ளியது.

அதனால்தான் இவ்வளவு பக்கம். கரையிலிருந்து முப்பது நாற்பது மீட்டர். மேல்பகுதி ஐந்து மீட்டர் ஆழத்திலேயே தொடங்கி, அடி 30 மீட்டர் வரை இறங்குகிறது. உங்களுக்கும் மகளுக்கும் ஸ்நார்கல் குழாயும் நீச்சல் கண்ணாடியும் போதும். நீர் தெளிவாக இருந்தால் மேலே மிதந்தபடியே மேல்பகுதி தெரியும். மகளுக்குப் பத்து வயது தாண்டிவிட்டதால் பயிற்சியாளர் கூடவே இருந்து செய்யும் அறிமுக டைவும் உண்டு, 12 மீட்டர் வரை. ஆஸ்துமா, காது அடைப்பு இருந்தால் மருத்துவப் படிவத்தில் மறைக்காதீர்கள். கணவரின் சான்றிதழுக்கு 18 மீட்டர்தான் வரம்பு. கப்பலின் நல்ல பகுதியெல்லாம் அதற்குள்ளேயே அடக்கம்.

நேரம் முக்கியம். தெற்கிலிருந்து வேன்கள் வந்து சேர்வது ஒன்பது பத்து மணிக்கு. அதற்குமேல் கப்பலுக்குள் மீனைவிடத் துடுப்புக் கால்கள்தான் தெரியும். விடியலில் இறங்கினால் நெற்றி புடைத்த பெரிய கிளிமீன் கூட்டம் கப்பலிலேயே கிடக்கும். அதற்காகவே ஒரு இரவு துலாம்பெனில் தங்கச் சொல்வேன்.

விபத்து நடக்கும் இடம் ஆழம் இல்லை, கரை. துலாம்பெனில் மணல் கிடையாது, உருண்டை கருங்கற்கள், பாசியோடு. 15 கிலோ சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு அதன்மேல் நடப்பதுதான் கணுக்காலைத் திருப்பும். அந்த ஊர்ப் பெண்கள் சிலிண்டரைத் தலையில் வைத்து நீர்விளிம்பு வரை கொண்டுவந்து தருவார்கள். அது அவர்கள் கூட்டுறவாக நடத்தும் தொழில், வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள். கெட்டி அடிப்பாகக் காலணி கட்டாயம். கண்ணாடியை மாட்டி, மூச்சுக்கருவியை வாயில் வைத்துக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி இடுப்பளவு நீர் வரை போய், அங்கேதான் காலில் துடுப்பைப் போட வேண்டும். விளிம்பில் நின்று குனிந்து போட்டால் அடுத்த அலை உருட்டிவிடும். வெளியேறும்போது நிற்க முயலாமல் முட்டி தட்டும்வரை நீந்தி வாருங்கள்.

மலைத் திட்டம் மட்டும் வேண்டவே வேண்டாம். காலையில் டைவ் செய்துவிட்டு இரவில் 3,031 மீட்டர் ஏறுவது விமானம் ஏறுவது மாதிரிதான். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். ஒரு டைவுக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம். மலைக்கு ஒரு முழு நாள் விடுங்கள். மூட்டு வலி, மரத்துப்போதல் வந்தால் அழுத்த அறைச் சிகிச்சை டென்பசாரில், மூன்று மணி நேரத் தொலைவு. மலைதான் வேண்டும் என்றால் முதலில் மலை, பிறகு கடல். அதற்கும் முந்தின நாள் எரிமலை எச்சரிக்கை நிலையைப் பாருங்கள். 2017இல் தொடங்கி 2019 வரை அகுங் புகைந்துகொண்டிருந்தது.


கரைச்சாலை:

@ஆழம்_முப்பது, டைவுக்கு மட்டும் வருபவருக்கு உங்கள் யோசனை சரி. இவர்களோடு 64 வயது அம்மா இருக்கிறார், மூட்டை முடிச்சை மாற்றுவது தேவையில்லாத அலைச்சல். ஜெமெலுக்கிலிருந்து துலாம்பென் அரை மணி நேரம்கூட இல்லை. ஐந்தரைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குக் கல்லில் நிற்கலாம். கயல், கப்பல் மாதிரி ஒன்றை அலைச்சல் இல்லாமல் பார்க்க பன்யுனிங்கில் இன்னொன்றும் இருக்கிறது. 'ஜப்பான் கப்பல்' என்பார்கள், சிறியது, கரைக்கு மிகப் பக்கம், மேலிருந்தே நன்றாகத் தெரியும்.


கயல்_கோவை:

மிக்க நன்றி எல்லோருக்கும். மலையைக் கணவர் மனமில்லாமல் விட்டுவிட்டார். உப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து தினசரிச் சமையலுக்கே வைத்துக்கொள்ளலாமா? அம்மா சாப்பாட்டுக்கு யாராவது சொல்லுங்கள், அதுதான் இப்போது பெரிய கவலை.


உவர்நீர்:

தினசரிச் சமையலுக்கு வேண்டாம் மேடம். அதில் அயோடின் சேர்ப்பதில்லை. இந்தோனேசியாவில் 1994 முதல் சமையல் உப்புக்கு அயோடின் கட்டாயம். அதனாலேயே இந்த உப்பு வெகுநாள் பெரிய கடைகளின் அலமாரிக்கு வர முடியாமல் தவித்தது, 2021இல் பாலி ஆளுநர் உள்ளூர்ப் பாரம்பரிய உப்பைப் பயன்படுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை விட்ட பிறகுதான் கொஞ்சம் மூச்சுவிட்டது. வீட்டில் சாம்பாருக்கு அயோடின் உப்பு, இதை மாங்காய்க் கீற்றுக்கும் வெள்ளரிக்கும் மேலே தூவ வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிச் சீசாவில் போட்டு நாலு அரிசி போட்டு வையுங்கள்.


இட்லிப்பொடி:

சைவத்துக்குக் கவலை வேண்டாம், ஆனால் கேட்காமல் வாயில் வைக்கக்கூடாது. வில்லன் பெயர் தெராசி, புளிக்கவைத்த இறால் விழுது. சம்பல், கீரைப் பொரியல், வறுத்த சோறு எதிலும் ஒளிந்திருக்கும். வாசனை பழகாத மூக்குக்கு வெங்காயம் கருகின மாதிரிதான் இருக்கும், கண்டுபிடிக்க முடியாது.

'சைவம்' என்று மட்டும் சொன்னால் வேலைக்கு ஆகாது. 'தாகிங்' (இறைச்சி) வேண்டாம் என்றால் சிலர் மாட்டிறைச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு கோழி போட்டுவிடுவார்கள். ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். "தீடாக் மாக்கான் தாகிங், ஆயாம், இக்கான், தெலூர். தன்பா தெராசி." இறைச்சி, கோழி, மீன், முட்டை சாப்பிடுவதில்லை, தெராசி இல்லாமல், என்று பொருள். அலைபேசியில் எழுதி வைத்துச் சமையற்காரரிடமே காட்டுங்கள், பரிமாறுபவரிடம் அல்ல.

தெம்பேயும் தாஹுவும் எங்கும் கிடைக்கும். முன்னது சோயாவைப் புளிக்கவைத்த கட்டி, பின்னது டோஃபு. மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரிப்பார்கள், அம்மாவுக்கு அது ஆகாது என்றால் வேகவைத்துத் தரச் சொல்லுங்கள். காடோ காடோ நல்ல தேர்வு, காய்களின்மேல் நிலக்கடலைக் குழம்பு. ஆனால் மேலே அரை முட்டையும் இறால் அப்பளமும் தானாக வந்து உட்காரும், குழம்பிலும் தெராசி இருக்கலாம், இரண்டையும் கேளுங்கள். சம்பல் மாத்தா பச்சைச் சின்ன வெங்காயம், எலுமிச்சைப்புல், மிளகாய், தேங்காயெண்ணெய் கலந்தது. தெராசி போடாமல் அப்போதே கலக்கச் சொன்னால் ஐந்து நிமிட வேலை, சூடான வெள்ளைச் சோற்றுக்கு வேறெதுவும் வேண்டாம். சமையலறை உள்ள அறை கிடைத்தால் ஒரு சின்ன ரசப்பொடிப் பொட்டலம் கூடவே இருக்கட்டும்.


ஜுகுங்_சாயம்:

ஜுகுங் கட்டுமரம் அல்ல. கட்டுமரம் கட்டைகளைச் சேர்த்துக் கட்டுவது, இது குடைந்த ஒற்றை உடல், இரண்டு பக்கமும் மூங்கில் மிதவை. மிதவைகள்தான் கவிழாமல் காப்பவை. உடல் இடுப்பகலமே இருக்கும், ஒருவர் பின் ஒருவராகத்தான் உட்கார முடியும். முன்முனையில் கண் வரைந்திருப்பார்கள், முக்கோணப் பாயின் கூர்முனை கீழ்நோக்கி இருக்கும். இப்போது பாயோடு ஒரு வெளிப்பொருத்து இயந்திரமும் உண்டு.

விடியலுக்கு முன்பே கிளம்பி, ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் திரும்புவார்கள், பெரும்பாலும் சூரை, சில நாள் அயிலை மாதிரிச் சிறு மீன். உங்களோடு சவாரி என்றால் சூரியோதயத்துக்கு ஒரு மணி நேரம் போதும். மகளின் அளவுக்கு உயிர்காப்பு மேலங்கி இருக்கிறதா என்று முதல் நாள் மாலையே பார்த்துவிடுங்கள், பெரும்பாலும் பெரியவர் அளவுதான் வைத்திருப்பார்கள். அலை தெறித்து நனைவது உறுதி, அலைபேசிக்கு நீர்புகாப் பை. ஏறும்போதும் இறங்கும்போதும் மிதவையையோ அதன் குறுக்குக் கழியையோ பிடிக்காதீர்கள், படகு கரையில் தட்டி எழும்பும்போது விரல் நசுங்குவது அங்கேதான். படகின் உடல் விளிம்பைப் பிடித்து, பின்பக்கமாக இறங்குங்கள்.

அம்மாவை ஏற்ற வேண்டாம். முழங்கால் அளவு நீரில் கல்லில் நின்று காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும். அதற்குப் பதில் எட்டு மணிக்கு ஜெமெலுக் கரையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். படகு வந்து தட்டியதும் நாலைந்து பேர் ஓடிவந்து, இரண்டு குறுக்குக் கழிகளையும் தோளில் கொடுத்து, மீனோடும் வலையோடும் அப்படியே தூக்கிக்கொண்டு மணலேறுவார்கள்.